வெனிஸில் மூன்று இரவு: அப்பா, அம்மாவுக்கு மனதில் நிற்கிற ஹோட்டல் எங்கே பார்ப்பது?

நெய்தல்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் அப்பா, அம்மாவை இத்தாலிக்குக் கூட்டிப் போகிறேன். அவர்களுக்குக் கல்யாணமாகி 40 வருடம் நிறைகிறது. ரோம், புளோரன்ஸ் இரண்டிலும் சுத்தமான, சாதாரண ஹோட்டல் போட்டாகிவிட்டது. புளோரன்ஸிலிருந்து ரயிலில் வெனிஸ் போய் மூன்று இரவு தங்குகிறோம். அங்கே மட்டும், பத்து வருடம் கழித்தும் அம்மா வாயில் தானாக வருகிற மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று ஆசை.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார். படி ஏறி இறங்கினால் மறுநாள் வலிக்கும். அப்பாவுக்கு ராத்திரி சத்தம் ஆகாது. மூன்று இரவும் அரண்மனையில் தங்கும் வசதி எனக்கு இல்லை, ஆனால் ஓர் இரவுக்குத் தாராளமாகச் செலவழிக்கத் தயார்.

தேடிப் பார்த்தால் எல்லா ஹோட்டலும் ‘கால்வாய்க் காட்சி’ என்கிறது, எல்லாப் படத்திலும் ஒரு கொண்டோலாப் படகு போகிறது. தீவை நிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் கிட்டத்தட்ட பாதி விலையில் நல்ல அறைகள் தெரிகின்றன. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிக்கனச்செம்மல்:

நான் மெஸ்த்ரே கட்சி. ரயில் அடிக்கடி ஓடுகிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாந்தா லூசியா நிலையத்தில் இறக்கிவிடும். நிலைய வாசலைத் தாண்டினால் எதிரிலேயே ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாய். மெஸ்த்ரே ஹோட்டல்கள் பெரும்பாலும் புதிய கட்டடங்கள். லிஃப்ட் இருக்கும், குளியலறை பெரிதாக இருக்கும், டாக்ஸி வாசலுக்கே வரும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு இதெல்லாம் சின்ன விஷயமா? மிச்சமாகும் பணத்தில் கொண்டோலா ஏற்றுங்கள். பகலில் அரை மணி நேரத்துக்கு நகராட்சி வைத்திருக்கும் கட்டணம் 90 யூரோ, அது ஒரு படகுக்கு, ஆளுக்கு இல்லை. நினைவில் நிற்பது அதுதான். தூங்குகிற கட்டில் எந்த ஊரில் இருந்தால் என்ன?

மணல்திட்டு:

சிக்கனச்செம்மல் சொல்வதில் லிஃப்ட் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். மற்றதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

வெனிஸ் தீவில் இப்போது குடியிருப்பவர்கள் 50,000 பேருக்கும் குறைவு. 1951இல் அங்கே சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். பகலில் தெருவை நிறைப்பது காலையில் வந்து சாயங்காலம் போகிற கூட்டம். அந்தக் கூட்டத்துக்காகத்தான் 2024 ஏப்ரலிலிருந்து வசந்த, கோடைக் காலத்தில் சில நாட்களுக்கு நுழைவுக் கட்டணமே வைத்திருக்கிறார்கள். அவர்கள் ரயிலேறிப் போன பிறகு ஊர் வேறு ஊராகிவிடும். கார், சைக்கிள் எதுவும் கிடையாது. ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு சந்தில் நின்றால் உங்கள் காலடிச் சத்தமும் எங்கேயோ தண்ணீர் படிக்கட்டில் மோதுகிற சத்தமும் மட்டும்தான் கேட்கும். சான் மார்கோ சதுக்கத்தைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தவரும் மதியம் பார்த்தவரும் ஒரே இடத்தைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. மெஸ்த்ரேயில் தங்கினால் இந்த இரண்டு வேளையும் கைநழுவும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்ற கவலை எட்டு மணிக்கே தொற்றிக்கொள்ளும்.

இன்னொன்று, வயதானவர்களோடு போகும்போது மதியம் ஒன்றரை மணி நேரம் அறைக்குத் திரும்பிக் காலை நீட்டிப் படுப்பது பெரிய விஷயம். ஹோட்டல் தீவுக்குள் இருந்தால் அது நடக்கும். மெஸ்த்ரே என்றால் காலையில் கிளம்பினவர்கள் ராத்திரிதான் திரும்புவீர்கள். அம்மா முழங்காலுக்கு லிஃப்டை விட அந்த மதியத் தூக்கம்தான் அதிகம் உதவும்.

ரியால்டோமாணவன்:

நான் வெனிஸில் படித்தவன், அங்கேயே வாடகைக்கு இருந்தவன். ஹோட்டல் பெயர் சொல்வதற்கு முன் ஊர் எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் நீங்களே தேர்ந்தெடுத்துவிடுவீர்கள்.

ஊர் ஆறு பகுதியாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜோ, தோர்சோதூரோ, சான் போலோ, சாந்தா க்ரோச்சே. கதவு எண் தெருவுக்குத் தெரு ஒன்றிலிருந்து தொடங்காது. பகுதி முழுவதற்கும் ஒரே வரிசைதான், அது ஆயிரக்கணக்கில் ஓடும். ஆகையால் ‘காஸ்தெல்லோ’ என்று போட்டு ஒரு நாலு இலக்க எண்ணைக் கொடுத்தால் அது சதுக்கத்தை ஒட்டியும் இருக்கலாம், கிழக்குக் கோடியிலும் இருக்கலாம். முகவரியை வைத்து ஒன்றும் தெரியாது.

அப்புறம் வரைபடத்தில் தெரிகிற தூரத்தையும் நம்பக்கூடாது. ஊரில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள். அடியில் படகு போகவேண்டுமென்பதால் ஏறக்குறைய எல்லாமே படி ஏறி இறங்குகிற பாலங்கள். 300 மீட்டரில் மூன்று பாலம் வந்தால், பெட்டியோடு வரும் ஆளுக்கு அது ஒரு கிலோமீட்டர் மாதிரி. பெருங்கால்வாய்க்குக் குறுக்கே நாலே நாலு பாலம்தான்: ரயில் நிலையத்தை ஒட்டி ஸ்கால்ஸி, 2008இல் திறந்த கலத்ராவா பாலம், 1591இல் முடித்த ரியால்டோ, மரத்தாலான அக்காதேமியா. நாலுமே அம்மாவுக்குக் கஷ்டம்.

இதற்கு மருந்து வாப்பரெத்தோ என்கிற படகுப் பேருந்து. ஒன்றாம் எண் படகு பெருங்கால்வாயில் இரண்டு கரையிலும் மாறி மாறி நின்று போகும். பாலம் ஏறாமலே எதிர்க்கரை போகலாம். ஆகையால் ஹோட்டலுக்கு மின்னஞ்சல் எழுதி மூன்றே கேள்வி கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்துப் படகுத்துறை எது? துறையிலிருந்து உங்கள் வாசல்வரை எத்தனை பாலம்? தெருவாசலிலிருந்து எங்கள் அறைவரை எத்தனை படி? நேர்மையாகப் பதில் சொல்கிற ஹோட்டலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐந்து நிமிட நடை’ என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

துறையிலிருந்து பாலமே இல்லை என்று பதில் வந்தால் அது உங்கள் ஹோட்டல். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் யோசிக்க வேண்டாம்.

நெய்தல்வாசி:

ரொம்ப நன்றி அண்ணா. கதவு எண் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. மெஸ்த்ரேயை விட்டுவிடுகிறேன், மதிய ஓய்வு என்ற காரணம் ஒன்றே போதும். மூன்று கேள்விகளையும் இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன். ‘கால்வாய்க் காட்சி’க்குக் கூடுதலாகக் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

வெண்கொக்கு:

கொடுப்பதற்கு முன் அறை எண்ணைக் கேளுங்கள். நாங்கள் சான் மார்கோவுக்குப் பின்புறம் ஒரு ஹோட்டலில் அந்த வகை அறைக்கு நல்ல தொகை கொடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். உடம்பைப் பாதி வெளியே நீட்டினால் கீழே இரண்டு முழ அகலத்துக்குத் தண்ணீர் தெரியும். வரவேற்பில் கேட்டதற்கு, தண்ணீர் தெரிகிறதே, அதுதான் கால்வாய் என்றார்கள். என் மனைவி அன்றைக்கு முழுவதும் பேசவில்லை. காலை ஆறு மணிக்குக் குப்பைப் படகு வேறு அதே ஜன்னலடியில் வந்து நிற்கும். ஊர்ப் பெயரைக் கேட்டாலே அந்தச் சுவர்தான் எனக்கு இன்றும் ஞாபகம் வருகிறது, அது எவ்வளவு வருத்தம் என்று சொல்லத் தெரியவில்லை.

கல்லும்மரமும்:

வெண்கொக்கு சாருக்கு நடந்தது ஏன் பலருக்கும் நடக்கிறது என்பதற்குக் கட்டடத்திலேயே காரணம் இருக்கிறது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில், அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

இன்றைக்கு ஹோட்டலாக இருக்கும் பலஸ்ஸோக்கள், அதாவது பழைய மாளிகைகள், பெரும்பாலும் வணிகக் குடும்பங்களின் வீடுகள். முன்வாசல் என்பது தண்ணீர் வாசல்தான். படகிலிருந்து சரக்கை நேராகத் தரைத்தளத்துக்கு இறக்குவார்கள். தரைத்தளம் கிடங்கு. அங்கே யாரும் குடியிருந்ததில்லை, ஈரம் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேலே உயரம் குறைந்த இடைத்தளம், கணக்குப்பிள்ளைகள் உட்காரும் இடம். அதற்கும் மேலேதான் பியானோ நோபிலே என்கிற முதன்மைத் தளம். உயரமான உத்தரம், சித்திரம் தீட்டிய கூரை, பெரிய ஜன்னல்கள் எல்லாம் அங்கே. அந்தத் தளத்தின் நடுவில் முன்சுவரிலிருந்து பின்சுவர்வரை ஒரு நீளமான கூடம் ஓடும், அதைப் போர்த்தேகோ என்பார்கள். கால்வாயைப் பார்த்து வரிசையாக நெருக்கி வைத்த வளைவு ஜன்னல்களை வெளியிலிருந்து பார்க்கிறீர்களே, அவை அந்தக் கூடத்துடையவை. அறைகள் கூடத்துக்கு இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகப் பின்னோக்கிப் போகும்.

இப்போது கணக்கு போட்டுப் பாருங்கள். முகப்பின் நடுப்பகுதியைக் கூடம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தளத்திலும் முன்மூலையில் இருக்கும் இரண்டு அறைகளுக்கு மட்டுமே நேரான கால்வாய்க் காட்சி. மற்றவை பக்கத்துக் குறுந்தெருவையோ, பின்கட்டையோ, குறுகிய கிளைக் கால்வாயையோ பார்க்கும். நாற்பது அறை உள்ள ஹோட்டலில் உண்மையான முன்னறை ஏழெட்டு இருந்தாலே அதிகம். எனவே ‘கால்வாய்க் காட்சி’ என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எந்தக் கால்வாய், எந்தத் தளம், முன்மூலையா என்று கேட்டு, அந்த அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

முன்னறை உண்மையிலேயே கிடைத்தால் கொடுக்கிற பணத்துக்கு மதிப்பு உண்டு. காலையில் தண்ணீரில் பட்ட வெயில் உத்தரத்தில் நெளிந்து ஆடும். படுக்கையில் மல்லாந்து படுத்தபடியே பார்க்கலாம். வேறு எந்த ஊர் ஹோட்டலிலும் இது எனக்குக் கிடைத்ததில்லை.

லிஃப்ட் பற்றியும் ஒரு வார்த்தை. இவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், நினைத்த இடத்தில் லிஃப்ட் வைக்க விடமாட்டார்கள். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள், ஆனால் அது முதல் படிக்கட்டுக்கு மேலேதான் தொடங்கும், அல்லது கடைசி அரைத்தளத்துக்குப் போகாது. ரியால்டோமாணவன் சொன்ன மூன்றாவது கேள்வியை அதனால்தான் விடவே கூடாது.

இன்னொன்று, ஊரே சேற்றில் இறக்கிய மரக்கழிகள் மேல் நிற்கிறது. பாரம் குறையவேண்டும் என்று தளங்களை மர உத்தரம் போட்டுக் கட்டினார்கள். மேல்மாடியில் யாராவது குதிகாலை ஊன்றி நடந்தால் கீழே கேட்கும். அப்பாவுக்கு மேல்தளத்து அறையாகக் கேளுங்கள்.

அலைமகள்:

நெய்தல்வாசி தம்பி, சான் மார்கோ பக்கமே எல்லோரும் பார்க்கிறார்கள். நீ ஸத்தேரேயைப் பார். தோர்சோதூரோவின் தென்கரையில் நீளமாக ஓடும் அகலமான கரை அது. எதிரே ஜுதெக்கா கால்வாய், ஒரு சின்னக் கடல் அளவு அகலம். தெற்கு பார்த்த கரை என்பதால் அக்டோபர், நவம்பரில் பகல் முழுக்க வெயில் காயும். எதிர்க்கரையில் ரெதெந்தோரே கோயிலின் வெள்ளை முகப்பு. பெரிய கொள்ளைநோய் தீர்ந்ததற்கு நன்றியாகக் கட்டடக் கலைஞர் பல்லாதியோ வரைபடம் போட்டுக் கொடுத்து, 1592இல் முடித்த கோயில். முன்பெல்லாம் பல மாடிக் கட்டட உயரத்துக்குச் சொகுசுக் கப்பல்கள் இந்தக் கால்வாய் வழியாகப் போய்க் காட்சியை மறைக்கும். 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அதற்கு முன்பு போனவர்கள் சொல்வதை வைத்து இந்த இடத்தை எடை போடாதே.

அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும், சமதரை கிடைக்கும். கரையோரமாகவும் கொஞ்சம் உள்ளே தள்ளியும் சின்னச் சின்ன ஹோட்டல்கள் இருக்கின்றன. சான் மார்கோ அளவுக்கு விலை போகாது. ஆனால் சாந்தா மார்கெரீத்தா சதுக்கத்தை ஒட்டி எடுக்காதே. அதுவும் இதே பகுதிதான், மாணவர்கள் நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஜுதெக்கா தீவிலேயே தங்குவதும் நல்ல யோசனைதான். அங்கிருந்து பார்த்தால் மொத்த வெனிஸும் கண்முன் விரிந்து கிடக்கும். வெனிஸுக்குள் இருந்தால் வெனிஸைத் தூரத்திலிருந்து பார்க்கக் கிடைக்காது இல்லையா? 1958இல் தொடங்கிய சிப்ரியானி கிழக்கு முனையில் இருக்கிறது, அது நம் கைக்கு எட்டாத விலை. மேற்கு முனையில் மொலீனோ ஸ்டுக்கி, அந்தக் காலத்து மாவு ஆலை. 1955இல் மூடி, 2003இல் தீப்பிடித்து, 2007இல் ஹோட்டலாகத் திறந்தது. ஆலையாக இருந்த கட்டடம் என்பதால் லிஃப்டுக்கும் அறை அளவுக்கும் குறை இருக்காது. அப்பா பொறியாளராக இருந்தால் அந்தச் செங்கல் கட்டடத்தை விட்டு வரவே மாட்டார்.

ரியால்டோமாணவன்:

அலைமகள் அக்கா சொன்ன ஸத்தேரேக்கு என் ஓட்டும். ஜுதெக்காவில் ஒரு சங்கடம் மட்டும் உண்டு. எங்கே போவதானாலும் முதலில் படகு. பகலில் அடிக்கடி வரும், ராத்திரியில் இடைவெளி நீளும். இளவயதுக்காரர்களுக்குப் பரவாயில்லை. அம்மா துறையில் குளிரில் காத்து நிற்கவேண்டியிருந்தால் சாயங்காலம் வெளியே வரவே தயங்குவார். அப்புறம் தீவுக்குள் தங்கியதன் பலனே போய்விடும்.

சிக்கனச்செம்மல்:

சரி, தீவுக்குள் என்றே வைத்துக்கொள்வோம். அக்டோபர் கடைசி, நவம்பர் என்றால் வெள்ளக் காலம் இல்லையா? 2019இல் டிவியில் பார்த்தோமே, ஹோட்டல் வரவேற்பறைக்குள் முழங்கால் தண்ணீர். வயதானவர்களை அதற்குள்ளா கூட்டிப் போவது?

கல்லும்மரமும்:

நியாயமான கேள்வி. 2019 நவம்பர் 12 அன்று ஓத அளவுகோலில் நீர்மட்டம் 187 செ.மீ. தொட்டது, அது தெருவில் நின்ற ஆழம் இல்லை. அதைவிட உயர்ந்தது 1966 நவம்பர் 4 அன்று வந்த 194 செ.மீ. மட்டும்தான். ஆனால் 2020 அக்டோபரிலிருந்து மோசே மதகுகள் வேலை செய்கின்றன. காயலுக்குள் கடல்நீர் நுழையும் மூன்று வாய்களில் 78 மதகுகளைக் கடலடியில் படுக்கவைத்திருக்கிறார்கள். மட்டம் 110 செ.மீ. அளவுக்கு உயரும் என்று முன்னறிவிப்பு வந்தால் அவற்றுக்குள் காற்றைச் செலுத்தி எழுப்புவார்கள். அந்தப் பெருவெள்ளக் காட்சி அதற்குப் பிறகு திரும்பவில்லை.

மிச்சம் இருப்பது சின்ன வெள்ளம். சான் மார்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று. 80 செ.மீ. தாண்டினாலே அங்கே வடிகால் வழியாகத் தண்ணீர் மேலே வரத் தொடங்கும், மதகு எழும்பாது. மரப்பலகை நடைமேடை போடுவார்கள். இது மழைவெள்ளம் மாதிரி நாள்கணக்கில் நிற்காது. ஓதத்தோடு ஏறி, சில மணி நேரத்தில் ஓதத்தோடு இறங்கிவிடும். எனவே சதுக்கத்தைச் சுற்றித் தங்காமல் இருப்பதற்கு இது இன்னொரு காரணம், அவ்வளவுதான். தரைத்தள அறை மட்டும் எங்கேயும் வேண்டாம். வெள்ளம் வராவிட்டாலும் சுவரில் உப்பு பூத்து, ஈர வாடை அடிக்கும்.

மணல்திட்டு:

தேதி பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. அக்டோபர் நான்காவது ஞாயிறை ஒட்டி வெனிஸ் மராத்தான் வரும். அந்த வார இறுதியிலும், நவம்பர் 1 புனிதர்கள் திருநாள் விடுமுறையிலும் அறை விலை ஏறும். பியனாலே கண்காட்சியும் நவம்பர் கடைசிப் பக்கம்வரை நடக்கும். உங்கள் தேதியை இரண்டு மூன்று நாள் நகர்த்த முடிந்தால் அதே பணத்தில் பின்னறைக்குப் பதில் முன்னறையே கிடைக்கலாம்.

மராத்தானால் அம்மாவுக்கு ஒரு லாபமும் உண்டு. ஓடுபவர்களுக்காக ஸத்தேரேயிலிருந்து சான் மார்கோ பக்கம்வரை கரையோரப் பாலங்களின் மேல் மரச் சாய்தளம் போடுவார்கள். ஓட்டம் முடிந்த கையோடு அவற்றைப் பிரித்துவிடாமல் சில மாதம் அப்படியே விட்டுவைப்பது வழக்கம். மராத்தானுக்குப் பிறகு போனால் அந்தக் கரையில் படி ஏறாமலே பாலங்களைக் கடக்கலாம்.

பூங்குயில்:

இதுவரை யாரும் மடங்களைச் சொல்லவில்லையே! வெனிஸில் கிறித்துவச் சபைகள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் பல இருக்கின்றன. எந்த மதத்தாரும் தங்கலாம். காஸ்தெல்லோவில் வால்தேன்சிய புராட்டஸ்டண்டுகள் நடத்தும் இல்லம் ஒரு பழைய பலஸ்ஸோவிலேயே இருக்கிறது. இன்னும் சில இல்லங்களில் உள்ளே தோட்டம் இருக்கும். வெளியே கல்லும் தண்ணீருமாக ஓடி அலுத்தபின் ஒரு மரத்தடியில் பெஞ்சு போட்டு உட்காரும்போது வரும் நிம்மதி, பெரிய ஹோட்டல்கள் பலவற்றிலும் வராது. அமைதிக்குக் குறைவே இல்லை. ராத்திரி இத்தனை மணிக்குள் திரும்பவேண்டும் என்று சில இல்லங்களில் விதி உண்டு, கட்டில் தனித்தனியாக இருக்கும், லிஃப்ட் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அப்பாவுக்குச் சத்தம் ஆகாது என்றதும் எனக்கு இதுதான் முதலில் தோன்றியது.

நெய்தல்வாசி:

பூங்குயில் அக்கா, நல்ல யோசனை. இரண்டு இரவு அப்படி ஒரு மடத்தில் தங்கி, கடைசி இரவு மட்டும் பெருங்கால்வாய் மேல் ஒரு பெரிய பலஸ்ஸோ ஹோட்டலில் முன்னறை எடுத்தால் எப்படி? கிரிட்டி பேலஸ் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 1475இல் கட்டியதாம், பிறகு தோஜே, அதாவது அன்றைய வெனிஸ் குடியரசின் தலைவர், அந்திரேயா கிரிட்டி குடியிருந்த வீடாம். ஜிலியோ படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது, பாலமும் இல்லை. விலையைப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது, ஆனால் ஓர் இரவுதானே.

வெண்கொக்கு:

நாங்கள் மறுமுறை போனபோது அப்படித்தான் செய்தோம், வேறு ஒரு ஹோட்டலில். கடைசி இரவில் கொஞ்சம் பெரிய இடம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். பெரிய ஹோட்டலில் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். மறுநாள் பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். நடுவில் ராத்திரி உணவுக்கு வெளியே போய்வந்தால் அந்த ஜன்னலோரம் உட்கார உங்களுக்குக் கிடைப்பது காலையில் ஒரு மணி நேரம். அதற்காக ஒரு முழு நாள் பெட்டி கட்டி, படகு மாறி, அம்மாவை அலையவைக்கப் போகிறீர்கள். மூன்று இரவுக்குள் ஹோட்டல் மாற்றவே கூடாது என்பது என் கட்சி.

மணல்திட்டு:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் கிரிட்டியின் தண்ணீரோர மேடையில் போய் ஒரு காப்பி குடியுங்கள். எதிரே சாலூத்தே கோயிலின் குவிமாடம் அப்படியே நிற்கும். ஒரு கோப்பைக்கு அதிகம்தான், ஆனால் ஓர் இரவு வாடகையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. மிச்சப் பணத்தைத் தங்கப்போகும் சின்ன ஹோட்டலிலேயே போட்டு, அங்கே இருப்பதில் நல்ல அறையை மூன்று இரவுக்கும் எடுங்கள். பெரிய ஹோட்டலின் மட்டமான அறையைவிடச் சின்ன ஹோட்டலின் முதல்தர அறை எப்போதும் மேல். அந்த அறை வீட்டுக்காரருக்கும் பெருமை, யார் தங்குகிறார்கள் என்று பார்த்துக் கொடுப்பார்கள்.

கல்லும்மரமும்:

அந்த ஹோட்டலில் அல்தானா இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஓட்டுக்கூரைக்கு மேலே செங்கல் தூண்கள் வைத்து மரத்தால் கட்டிய மேடை அது. பழைய வீடுகளில் துணி காயப்போட, வெயில் காய என்று வைத்திருந்தார்கள். சில ஹோட்டல்களில் விருந்தினருக்குத் திறந்துவிடுகிறார்கள். கால்வாய் ஜன்னலைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். கீழே எல்லாமே ஒடுங்கிய சந்து, மேலே போனால்தான் வானம் முழுதாகக் கிடைக்கும். அம்மாவால் அந்தக் கடைசி மரப்படி ஏற முடியுமா என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

ஒலியலை:

அப்பாவின் தூக்கத்துக்காக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஹோட்டலுக்கு நூறு மீட்டருக்குள் மணிக்கூண்டு இருக்கிறதா பாருங்கள். வெனிஸில் மணிகள் நிஜமாகவே அடிக்கும், காலையிலேயே தொடங்கிவிடும். சான் மார்கோ கோபுரத்தின் மரங்கோனா என்கிற பெரிய மணி நள்ளிரவில் அடிக்கும். எனக்கு அந்தச் சத்தம் உயிர், அதற்காகவே பக்கத்தில் தங்குவேன். தூக்கம் கெடும் ஆட்களுக்கு ஆகாது. சதுக்கம் பார்த்த அறை என்றால் கீழே மதுக்கடை இருக்கிறதா என்று பாருங்கள். சந்து பார்த்த அறை என்றால் விடியற்காலையில் கல்தரையில் உருண்டு போகும் பெட்டிச் சக்கரங்களின் சத்தம். தோட்டம் அல்லது உள்முற்றம் பார்த்த அறைதான் சத்தமே இல்லாதது. அதை ஹோட்டல்காரர்கள் விலை குறைத்துக் கொடுப்பார்கள் என்பது நமக்கு நல்லது.

நெய்தல்வாசி:

எழுதிக் கேட்ட ஹோட்டல்களில் ஐந்து பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் ‘ஐந்து நிமிட நடை’ ரகம். ஒருவர் பாலம் மூன்று, படி 52, லிஃப்ட் இல்லை, உங்கள் அம்மாவுக்கு எங்கள் இடம் சரிவராது என்று எழுதியிருந்தார். அந்த நேர்மைக்கு அங்கேயே தங்கலாம் போலிருந்தது.

ஸத்தேரேயில் ஒரு சின்ன ஹோட்டல் பிடித்துப்போய்விட்டது. துறையிலிருந்து பாலம் இல்லை. தெருவாசலில் மூன்று படி, அப்புறம் லிஃப்ட். அம்மா, அப்பாவுக்கு மேல்தளத்தில் ஜுதெக்கா கால்வாயை நேராகப் பார்த்த முன்மூலை அறை. ஜன்னலிலிருந்து எடுத்த படம் கேட்டதும் அன்றைக்கே அனுப்பினார்கள், ரெதெந்தோரே கோயில் தெரிகிறது. எனக்குப் பின்பக்கம் உள்முற்றம் பார்த்த ஒற்றை அறை. முன்பக்கம் சத்தமாக இருந்தால் அப்பா என் அறைக்கு வந்துவிடலாம். மூன்று இரவும் இங்கேதான். மராத்தான் முடிந்த செவ்வாய்க்கிழமைக்குத் தேதியை நகர்த்திவிட்டேன். விசாவுக்குக் காட்டவேண்டும் என்பதால் கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வகையிலேயே போட்டிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். நகர வரி என்று தனியாக ஏதோ போட்டிருக்கிறார்கள், அது என்ன? ரயில் நிலையத்திலிருந்து ஸத்தேரேக்கு எப்படிப் போவது?

சிக்கனச்செம்மல்:

நல்ல தேர்வு, மனதார வாழ்த்துகிறேன். நகர வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து வாங்குவது. முதல் ஐந்து இரவுக்கு மட்டும்தான், பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கிடையாது. பெரும்பாலும் ஹோட்டலிலேயே தனியாகக் கட்டவேண்டும், அறை வாடகையில் சேர்ந்திருக்காது. தங்குபவர்கள் இதைக் கட்டுவதால் பகல் நுழைவுக் கட்டணம் உங்களுக்கு இல்லை. படகுக்கு ஒற்றை டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, 72 மணி நேர பாஸ் 45 யூரோ. அம்மாவுக்காக அடிக்கடி படகேறப் போகிறீர்கள், பாஸே எடுங்கள்.

ரியால்டோமாணவன்:

ரயிலில் மெஸ்த்ரே முதலில் வரும், அங்கே இறங்கிவிடாதீர்கள். கடைசி நிலையம் சாந்தா லூசியாதான் உங்களுடையது.

நிலையத்திலிருந்து ஸத்தேரேக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகும் படகும் உண்டு. முதல் நாள் அதில் போகாதீர்கள். வாசலில் ஒன்றாம் எண் படகில் ஏறி, பெருங்கால்வாய் முழுக்க மெதுவாகப் பார்த்துக்கொண்டே அக்காதேமியா துறைவரை வாருங்கள். சுமார் அரை மணி நேரம். வெளியே திறந்த இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். அக்காதேமியாவில் இறங்கினால் பாலத்தில் ஏற வேண்டாம், துறை இருக்கும் பக்கமே உங்கள் பக்கம். அருங்காட்சியகத்தை ஒட்டி ஃபோஸ்கரீனி என்று ஓர் அகலமான தெரு தெற்கே போகும். பழைய கால்வாயை மண் போட்டு மூடி உண்டாக்கிய தெரு, அதனால் ஒரு பாலம்கூட இல்லாமல் நேராக ஸத்தேரே கரையில் கொண்டுபோய் விடும். பெட்டியை உருட்டிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் போய்விடலாம்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். அதன் பிறகு ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். புளோரன்ஸிலிருந்து காலை ரயிலைப் பிடியுங்கள், இரண்டேகால் மணி நேரம்தான். பாஸை முதல் படகில் ஏறும்போது துறையில் உள்ள கருவியில் காட்டவேண்டும், அந்த நிமிடத்திலிருந்துதான் 72 மணி நேரம் ஓடும். அதனால் முந்தின நாளே வாங்கி வைத்தாலும் பரவாயில்லை.